சம்மதம் கேட்கும் சபை

ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ‘அமைதி அறை’ என்று ஓர் அறையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எந்த மதத்தவரும் வரலாம், மதமே இல்லாதவரும் வரலாம். சத்தம் போடக்கூடாது என்பதுதான் விதி. டோர்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தான் நடத்திவந்த அப்படியோர் அறையை 2016இல் இழுத்து மூடியது. தொழ வந்த முஸ்லிம் மாணவர்கள் சிலர் உள்ளே தடுப்பு வைத்துப் பெண்களுக்குத் தனியே ஓர் ஓரத்தை ஒதுக்கியிருந்தார்கள். ஆண் பெண் சமத்துவத்துக்கு இது ஒவ்வாது என்றது நிர்வாகம். பத்திரிகைகள் இதைப் பிடித்துக்கொண்டன. வழிபாட்டு உரிமை என்றது ஒரு தரப்பு, உலகியல் கல்வி நிலையம் என்றது இன்னொரு தரப்பு.

இந்த இரண்டு தரப்பிலும் சேர்க்க முடியாத மாணவர்கள் அதே வளாகங்களில் படித்துக்கொண்டிருந்தார்கள். துருக்கியிலிருந்து வந்த தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள். அலி, ஹசன், ஃபாத்மா, ஜெய்னெப் என்று பெயர் இருக்கும். கேட்டவர் முஸ்லிம் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். அவர்களுடைய வழிபாட்டிலோ ஆணும் பெண்ணும் ஒரே வட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்தாக வேண்டும். நரம்புக் கருவி இசைத்தாக வேண்டும். எழுந்து சுழன்று செமா என்கிற ஆட்டம் ஆடவும் வேண்டும். தடுப்பு வைத்தாலும் அவர்களுக்கு ஆகாது, அமைதி காத்தாலும் ஆகாது. இவர்கள் அலெவிகள்.

துருக்கியில் ஒரு கோடிக்குக் குறையாது என்று பொதுவாகச் சொல்லப்படும் சமூகம். ஜெர்மனியில் ஐந்து லட்சத்துக்கு மேல் என்கின்றன மதிப்பீடுகள். அந்நாட்டின் பல்கலைக்கழகங்களில் ஆங்காங்கே அலெவி மாணவர் குழுக்கள் முளைத்தன. அவற்றை எல்லாம் சேர்த்து நாடு தழுவிய கூட்டமைப்பு ஒன்றும் உருவாயிற்று. ஜெர்மனி அலெவி மாணவர் கூட்டமைப்பு என்று பெயர், சுருக்கமாக பி.டி.ஏ.எஸ். 1994இல் தொடங்கிய அலெவி இளைஞர் கூட்டமைப்பு வேறு, இது வேறு. வெளியே இருந்து பார்த்தால் எல்லா மாணவர் அமைப்பையும் போலத்தான்: தலைவர், பொருளாளர், கருத்தரங்கு, இலச்சினை. என்னை இதன் பக்கம் இழுத்தது வேறொன்று. ஊர்க்கட்டும் ரத்த வழியும் நேருக்கு நேர் சம்மதமும் இல்லாமல் நடக்கவே நடக்காத ஒரு நம்பிக்கையை, பதிவு எண்ணும் பொதுக்குழுவும் கொண்ட சங்கமாக எப்படிக் கட்டுகிறார்கள்?

அந்தச் சம்மதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அலெவிகளின் கூட்டு வழிபாட்டுக்கு ஜெம் என்று பெயர். மரபாக வியாழன் இரவில் கூடுவார்கள். நடத்துபவர் தெதே, சொல்லுக்குத் தாத்தா என்று பொருள் என்றாலும் வயது ஒரு கணக்கே இல்லை, பரம்பரைதான் கணக்கு. அவர் வந்ததும் பாட்டு தொடங்கிவிடாது. முதலில் கூடியிருப்பவர்களைப் பார்த்துக் கேட்பார்: ஒருவர்மேல் ஒருவருக்கு மனக்குறை உண்டா? இருந்தால் இரண்டு பேரும் நடுவே வந்து நிற்க வேண்டும். வெறுங்கால், வலது பெருவிரல் இடது பெருவிரலின் மேல், குனிந்த தலை. அந்த இடத்துக்குத் தார் என்று பெயர், தூக்குமரம். 922இல் பாக்தாத்தில் கொல்லப்பட்ட ஞானி மன்சூர் ஹல்லாஜின் பெயரைச் சேர்த்து ‘மன்சூரின் தார்’ என்பார்கள். வாய்க்கால் தகராறு, கொடுக்காத கடன், வீட்டில் கை நீட்டிய கணவன், எல்லாம் அங்கே சபை நடுவில் வெளியே வரும். சபை கேட்கும், ஈடு சொல்லும், இருவரும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்பாவிட்டால் அன்றைக்கு வழிபாடு தொடங்காது. பெரிய குற்றம் செய்தவரைச் சபையிலிருந்தே விலக்கிவிடுவார்கள். அவருக்கு வணக்கமும் கிடையாது, லோக்மா என்கிற பிரசாதப் பங்கும் கிடையாது. உஸ்மானியப் பேரரசின் காஜி மன்றத்துக்குப் போக அஞ்சிய மலைக்கிராமங்களுக்கு நூற்றாண்டுகளாக இதுதான் நீதிமன்றம்.

அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. 1514இல் சுல்தான் செலிம் ஈரானின் ஷா இஸ்மாயில்மீது படையெடுத்தபோது, ஷாவின் பக்கம் சாய்ந்தவர்கள் என்று அனத்தோலியாவின் கிஸில்பாஷ்கள் வேட்டையாடப்பட்டார்கள். இன்றைய அலெவிகளின் முன்னோர் அவர்கள். அதற்குப் பிறகு மறைந்து வாழ்வதே வழக்கமாயிற்று. நம்பிக்கை பெரும்பாலும் பாட்டில் இருந்தது. பாலமா என்கிற நீண்ட கழுத்து நரம்புக் கருவியை ‘தந்தி கட்டிய குர்ஆன்’ என்றே சொல்வார்கள். புய்ருக் என்னும் கையெழுத்துப் படிகள் சில தெதே குடும்பங்களின் பெட்டிகளில் கிடந்தன. இரவில் கதவடைத்து ஆணும் பெண்ணும் சேர்ந்து கும்பிடுகிறார்கள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? ‘மெழுகுவர்த்தியை அணைத்துவிடுவார்கள்’ என்று பேச்சு கிளம்பியது. இருட்டில் தாய் என்றும் மகள் என்றும் பாராமல் கூடுகிறார்கள் என்பது அதன் பொருள். 1995 ஜனவரியில்கூட இஸ்தான்புலில் ஒரு தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியின் தொகுப்பாளர் கூனெர் உமித் இதை நகைச்சுவையாக நினைத்துச் சொல்லப்போய், நிலையத்தின் முன்னால் கூட்டம் திரண்டது.

1961 அக்டோபர் 30 அன்று ஜெர்மனியும் துருக்கியும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கொலோனின் ஃபோர்டு ஆலைக்கும் ரூர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் வந்த ஆட்களில் அலெவிகளும் கணிசம். தெதே ஊரிலேயே இருந்தார். வழிபாடும் அங்கேயே தங்கிவிட்டது. விடுதி அறையைப் பகிர்ந்துகொண்ட சுன்னி நண்பர்களிடம் ரமலானில் ஏன் நோன்பு பிடிக்கவில்லை என்பதற்கு வயிற்றுவலி முதல் பலதையும் சொல்லிச் சமாளித்தார்கள். ஊரிலோ அடுத்த தலைமுறையில் படித்தவர்கள் வேறு திசையில் போனார்கள். எழுபதுகளில் துருக்கியின் பல்கலைக்கழகங்களில் அலெவி வீட்டுப் பிள்ளை என்றால் பெரும்பாலும் இடதுசாரிதான். கிராமத்துக்கு வந்து காணிக்கை வாங்கிப்போகும் தெதே அவர்கள் கண்ணுக்கு நிலப்பிரபுத்துவத்தின் மிச்சம்; பல ஊர்களில் இந்தப் பிள்ளைகளே அவரைத் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே அலெவி மாணவர் என்ற ஒருவர் அப்போது கிடையாது. புரட்சிகர மாணவர் உண்டு, அவருடைய பாட்டி அலெவி. 1978 டிசம்பரில் மராஷ் நகரில் அலெவி வீடுகளைத் தேடித்தேடிக் கொன்றவர்களுக்கு இந்த வேறுபாடெல்லாம் பொருட்டாக இல்லை. அரசுக் கணக்கே நூறைத் தாண்டியது.

1989இல் ஹம்பர்க்கில் ஒரு சிறு குழு ‘அலெவி’ என்ற பெயரைப் போட்டே பண்பாட்டு வாரம் நடத்தியது. ஓர் அறிக்கையும் வெளியிட்டது. நாங்கள் இருக்கிறோம், எங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம். அதைப் பெருவெள்ளமாக்கியது சிவாஸ். 1993 ஜூலை 2. பதினாறாம் நூற்றாண்டில் அதே நகரத்தில் தூக்கிலிடப்பட்ட கவிஞர் பீர் சுல்தான் அப்தாலின் பெயரால் விழா. எழுத்தாளர் அஸீஸ் நெசின் வந்திருந்தார் என்பதைச் சாக்காக வைத்து, வெள்ளித் தொழுகை முடிந்து வந்த கும்பல் மதிமாக் விடுதியைச் சூழ்ந்தது. மணிக்கணக்கில் நின்றது. பிறகு தீ. நெசின் தப்பினார். விழாவுக்கு வந்த 33 பேரும் விடுதி ஊழியர் இருவரும் இறந்தார்கள். பாலமாக் கலைஞர் ஹஸ்ரெத் குல்தெகின், கவிஞர் மெதின் அல்தியோக், செமா ஆட வந்த பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். அவர்களோடு நெதர்லாந்திலிருந்து வந்த மானுடவியல் மாணவி காரினா தாய்ஸும். படிக்க வந்த இடத்தில், தான் படிக்க வந்த மக்களோடு சேர்ந்து இறந்துபோனார். அந்தக் கட்டடம் 2011இல் அறிவியல் பண்பாட்டு மையமாக மாற்றப்பட்டது. அங்கே வைத்த பெயர்ப்பலகையில் கும்பலில் வந்து இறந்த இரண்டு பேரின் பெயரையும் சேர்த்து எழுதினார்கள். எவ்வளவு யோசித்தாலும் எனக்கு விளங்காத நிர்வாக நடுநிலை இது.

ஜெர்மனியின் அலெவி சங்கங்கள் சிவாஸுக்குப் பிறகுதான் மளமளவென்று பெருகின. இன்று கொலோனைத் தலைமையிடமாகக் கொண்ட அலெவி கூட்டமைப்பின் கீழ் சுமார் 160 ஊர்ச்சங்கங்கள். இங்கேதான் ஜெர்மன் அரசு கதைக்குள் வருகிறது. அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி பள்ளியில் சமயப் பாடம் உண்டு. அதை அந்தந்தச் சமயச் சமூகத்தின் கொள்கைக்கு ஒத்து நடத்த வேண்டும். அப்படியானால் கொள்கை எது என்று எழுத்தில் சொல்ல ஒருவர் வேண்டும். அலெவி கூட்டமைப்பு ஒரு சமயச் சமூகம்தானா என்று பார்க்க நிபுணர்களிடம் அறிக்கை கேட்டார்கள். மார்பர்க் பல்கலைக்கழகத்தின் உர்சுலா ஸ்புலர்-ஸ்டெகெமன் 2003இல் எழுதிக்கொடுத்த அறிக்கை ஆம் என்றது. பெர்லினில் அதற்கு முன்பே, 2002இல், பாடம் தொடங்கியிருந்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. 2020 டிசம்பரில் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலம், பெரிய திருச்சபைகளுக்கு உள்ள பொதுச்சட்டத் தகுதியை அலெவிகளுக்கும் கொடுத்தது. துருக்கியில் இன்றுவரை அலெவிகளின் ஜெம் வீட்டுக்குப் பள்ளிவாசலுக்கு இணையான வழிபாட்டுத்தலத் தகுதி கிடைக்கவில்லை. அங்கே கட்டாயச் சமயப் பாடத்திலிருந்து மகள் எய்லெமுக்கு விலக்குக் கேட்டு ஹசன் ஸெங்கின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2007இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. பாடம் இன்னும் கட்டாயம்தான்.

ஆக ஜெர்மனி தாராளம். மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தாராளத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: நீங்கள் யார் என்பதை ஒரே விடையாகச் சொல்லுங்கள். அலெவிகளிடம் அந்த ஒரே விடை கிடையாது. இஸ்லாத்தின் உண்மையான சாரம் நாங்கள்தான் என்பவர்கள் உண்டு. இஸ்லாத்துக்கு வெளியே நிற்கும் தனி நம்பிக்கை என்பவர்கள் உண்டு. நபியின் மருமகனான அலியையே விலக்கிவிட்டு அலெவி வழியைப் பேசலாம் என்று ஃபாயிக் புலுத் 1997இல் ஒரு நூலே எழுதினார். துருக்கியின் தெர்சிம் பகுதியிலிருந்து வந்த ஸாஸா, குர்திஷ் குடும்பங்களுக்கு மலையும் ஊற்றும்தான் முதல் தெய்வம். 1937-38இல் அரசுப் படைகள் அங்கே நடத்திய கொலைகள்தான் அவர்களுடைய முதல் நினைவு. பாலமாவைக் கையில் எடுத்தால் எல்லோரும் ஒன்று. இஸ்லாமா இல்லையா என்று கேட்டுவிட்டால் தேநீர் ஆறிப்போகும்வரை சண்டை நடக்கும்.

பதினெட்டு வயதில் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு இந்தக் கேள்வி தத்துவமாக வராது, படிவமாக வரும். ஜெர்மனியில் திறமையான மாணவர்களுக்கு அரசுப் பணத்தில் உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளைகள் 13. கத்தோலிக்கருக்கு ஒன்று, புராட்டஸ்டண்டுகளுக்கு ஒன்று, யூதர்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. மற்றவை கட்சி, தொழிற்சங்கம் சார்ந்தவை, பொதுவானவை. அலெவிக்கென்று தனியாக இல்லை. முஸ்லிம் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாமா? விண்ணப்பித்தால் வீட்டில் ஒரு மாமா கோபித்துக்கொள்வார், விண்ணப்பிக்காவிட்டால் இன்னொரு மாமா. அடுத்தது உணவகம். ரமலானில் இவர்கள் சாப்பிடுவதைப் பார்த்து நண்பர்கள் புருவம் உயர்த்துவார்கள். முஹர்ரம் மாதத்தின் பன்னிரண்டு நாள் நோன்பு வரும்போது யாருக்கும் தெரியாது. கர்பலாவில் தாகத்தோடு இறந்த அலியின் மகன் ஹுசைனை நினைத்து அந்த நாட்களில் வெறும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். இறைச்சி இல்லை, கத்தி எடுப்பதில்லை. 2024இல் அது ஜூலையில் வந்தது. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஜூலை தேர்வு மாதம். நூலக மேசையில் எல்லோருக்கும் முன்னால் தண்ணீர்ப் புட்டி. ஒருத்தி மட்டும் மதியம் முழுக்கத் தொடாமல் உட்கார்ந்திருந்தால், உடம்புக்கு முடியவில்லையா என்றுதான் கேட்பார்கள். அவள் பதில் சொல்லத் தொடங்கினால் கர்பலாவிலிருந்து தொடங்க வேண்டும்.

2007 டிசம்பர் 23 அன்று ஜெர்மனியின் பெயர்பெற்ற ஞாயிற்றுக்கிழமைத் துப்பறியும் தொடரான ‘தாத்தோர்ட்’ ஓர் அலெவிக் குடும்பத்தைக் காட்டியது. கதையின் முடிச்சு, தந்தை மகளிடம் முறைதவறி நடந்தது. எழுதியவருக்கு மெழுகுவர்த்திக் கதை தெரிந்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். ஐந்நூறு ஆண்டுப் பழி தெரியாத்தனமாகவும் வந்து விழும். ஒரு வாரத்தில் கொலோனில் சுமார் 20,000 பேர் கூடினார்கள். ‘ஒரு கற்பனைக் கதைக்கு இவ்வளவு கோபமா, இந்த முஸ்லிம்களே இப்படித்தான்’ என்றவர்கள் ஏராளம். அந்தக் கூட்டம் ஏன் கூடியது என்பதை ஜெர்மன் மொழியில், பின்னணியோடு, பொறுமையாக எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் யார்? ஆலைத் தொழிலாளியின் பிள்ளைகளில் படித்தவர்கள்தான். அலெவி மாணவர் குழுக்களின் தேவை இந்த மாதிரிச் சந்தர்ப்பங்களில் கண்ணுக்குத் தெரிகிறது.

நாடு தழுவிய கூட்டமைப்பு எதற்கு என்ற கேள்விக்கு விடை எளிது. ஜெர்மனியில் கல்வி 16 மாநிலங்களின் அதிகாரம். மாணவர் குழுவாகப் பதிவது, அறை கேட்பது எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒவ்வொரு விதி. ஒரு குழு படித்துக்கொண்டதை அடுத்த குழு மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் மாணவர் சபைகளுக்குத் திருச்சபை சம்பளம் கொடுத்துப் போதகர் வைத்திருக்கிறது; கட்டடம் இருக்கிறது. அலெவிக் குழுவிலோ மூன்றாம் ஆண்டு மாணவிதான் செயலாளர், அவளேதான் நாற்காலி அடுக்குபவள். அவள் பட்டம் வாங்கிப் போய்விட்டால் குழுவின் நினைவும் அவளோடு போய்விடும். பாட்டில் நினைவைச் சேர்த்துவைத்த சமூகம் இப்போது அறிக்கையிலும் வரவுசெலவுக் குறிப்பிலும் சேர்க்கப் பழகுகிறது. ஜூலை 2, டிசம்பரில் மராஷ் என்று நினைவுநாட்களை ஆண்டுதோறும் தவறாமல் நடத்துவதற்கும் இந்தக் காகிதக் கட்டுதான் முதுகெலும்பு.

ஆனால் ஓர் உறுத்தல் எனக்கு இருக்கிறது. ஜெர்மன் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டு, விதிமுறை எழுதி, மாவட்ட நீதிமன்றத்தில் பதிந்தால் சங்கம். தீர்மானம் பெரும்பான்மையில் நிறைவேறும்; எதிர்த்தவர் தோற்றவர். ஜெம்மில் அப்படி இல்லை. ஒரே ஒருவருக்கு மனக்குறை என்றாலும் எல்லோரும் காத்திருக்க வேண்டும். பிரதிநிதி அனுப்பவும் முடியாது. உன் சம்மதத்தை நீதான் வந்து சொல்ல வேண்டும். கொலோனில் கூடும் பேராளர்கள் ஹம்பர்க்கில் இருக்கும் ஒருத்தியின் மனக்குறையைக் கேட்பது எப்படி? அறிக்கையில் ‘அலெவி மாணவர்களாகிய நாங்கள்’ என்று தொடங்கும்போது அந்த ‘நாங்கள்’ யாரிடம் கேட்டு வந்தது? எல்லாக் கூட்டமைப்புக்கும் உள்ள சங்கடம்தான் இது. கேட்காமல் தொடங்குவதே தவறு என்று நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குத்தும்.

இன்னொரு தலைகீழும் நடக்கிறது. அதை நான் ரசிக்கிறேன். தெதே ஆவதற்கு ஓஜாக் எனப்படும் புனிதப் பரம்பரையில் பிறந்திருக்க வேண்டும். மற்றவர்கள் சீடக் குடும்பங்கள். மாணவர் சங்கத்தில் சீடக் குடும்பத்துப் பெண் தலைவராகலாம். ஓஜாக் வீட்டுப் பையன் அவளுக்குக் கீழே பொருளாளராக இருந்து ரசீது ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதே பையன் நாளை ஜெம்மில் தெதேயின் தோல்விரிப்பில் அமர்ந்தால் அவள் எழுந்து நின்று ஆசி கேட்பாள். இரண்டுக்கும் நடுவில் அவர்கள் எப்படிப் போய்வருகிறார்கள் என்பதை ஒரு நாவலாசிரியர் எழுத வேண்டும். போதாததற்கு, ஓஜாக் பிள்ளைக்கே வழிபாட்டின் வரலாறு நூலகத்திலிருந்துதான் கிடைக்கிறது. ஸ்ட்ராஸ்பூர்கில் இருந்த ஐரீன் மெலிகோஃப், மார்க்குஸ் ட்ரெஸ்லர் போன்ற ஆய்வாளர்களின் நூல்களைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் விளக்கம் சொல்லும் பேரன்கள் இருக்கிறார்கள். பாட்டி கேட்டுக்கொள்வாள். ட்ரெஸ்லர் சொல்வதும் லேசான விஷயமில்லை: ‘அலெவி’ என்ற ஒரே சமயமாக இவர்களை எழுதிவைத்ததில், குடியரசு உருவான காலத்துத் துருக்கி தேசியவாதிகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்கிறார். தன் பெயரையே சந்தேகிக்கும் நூலைத் தன் பெயரில் இயங்கும் குழுவில் உட்கார்ந்து விவாதிக்கும் மனநிலை, பெரியவர்களின் சங்கத்தில் அவ்வளவு சுலபமாக வராது. அவர்களுக்கு அரசாங்கத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது.

என் கண்ணுக்கு மாணவர் கூட்டமைப்பின் மதிப்பு இந்த இடத்தில்தான். பெரிய கூட்டமைப்பு பாடத்திட்டம் எழுதிக்கொடுத்தாக வேண்டும்; பத்து வயதுக் குழந்தைக்கு ‘அலெவி என்றால்’ என்று தொடங்கி ஒரு வாக்கியத்தை முடித்தாக வேண்டும். ‘இஸ்லாமா, இல்லையா’ என்று நழுவிக்கொண்டே இருக்க அதற்கு முடியாது. மாணவர் அமைப்பிடம் எந்த அமைச்சகமும் கொள்கை விளக்கம் கேட்பதில்லை. பக்தி உள்ளவன், நாத்திகன், குர்திஷ் பேசுபவள், துருக்கி மட்டும் தெரிந்தவள், எதுவும் தெரியாமல் பாலமா வாசிக்க மட்டும் வந்தவன் எல்லோரும் ஒரே அறையில் இருக்கலாம். விடை சொல்லாமல் சேர்ந்திருக்க அனுமதி உள்ள இடம் இப்போதைக்கு இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. இதைத் தீர்மானம் போட்டுத் தீர்த்துவிடாமல் இருப்பதே அவர்கள் செய்யக்கூடிய பெரிய காரியம்.

எத்தனை நாளைக்கு என்பது வேறு விஷயம். பள்ளிகளில் அலெவி சமயப் பாடத்துக்கு ஆசிரியர்கள் போதவில்லை. வைங்கார்ட்டன் கல்வியியல் கல்லூரியில் அதற்கென்று பயிற்சி தொடங்கினார்கள், 2010களின் நடுவில் ஹம்பர்க் பல்கலைக்கழகத்தில் அலெவியியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி வந்தது, பிறகு வியன்னாவிலும். அந்த வகுப்புகளுக்குப் போய்ச் சேருபவர்களும் இதே மாணவர்கள்தான். இன்றைக்கு விடாமல் வாதாடிக்கொண்டிருப்பவர்களில் நாலைந்து பேர் சில ஆண்டுகளில் பாடநூல் குழுவில் உட்காருவார்கள். ‘அலெவி என்றால்’ என்ற வாக்கியத்தை அப்போது அவர்களே முடித்தாக வேண்டும். நான்காம் வகுப்புக்கு, எளிய ஜெர்மனில், முக்கால் பக்கத்துக்குள்.